சந்தைக்கு முந்தின நாள்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தபோது, வசந்தாமணி மகள் கயலின் வெள்ளைச் சட்டையை இரண்டாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவை போட்டதில் ஒரு குறையும் இல்லை. மறுநாளை நினைத்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை. மன்ஹாட்டனில் ஒரு பூங்காவைச் சுற்றிக் கடை கடையாகப் போட்டிருக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில், மத்தியானம் இரண்டு மணிக்குக் கயலின் பள்ளிக்கூடப் பாட்டுக் குழு பாடப்போகிறது. ஐந்தாம் வகுப்புக் கயலுக்கு நடுவில் நாலு வரி தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே பஸ்ஸில் கூட்டிப்போய்விடும். பெற்றவர்கள் பதினைந்து பேர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் சேர்ந்து ரயில் ஏறுவதாக ஏற்பாடு.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேனாபதி வீட்டில் எந்தக் காரியம் சுலபமாக நடந்திருக்கிறது?

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சேனாபதியின் தம்பி அகிலன், செப்டம்பரில் விழுந்த அந்த இரட்டைக் கட்டடங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஓர் ஆபீசில் வேலையாக இருந்தான். அன்று காலையிலிருந்து மறுநாள் மத்தியானம்வரை அவனைப் பற்றிச் சேதியே இல்லை. வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் டிவிக்கு முன்னால் நின்றபடியே சேனாபதி, "தம்பி உசுரோட வந்துட்டா இந்த வருசம் மாலை போட்டு மலைக்கு வர்றேன் சாமி" என்று ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டார். தம்பி வந்தான். பாலத்தைக் கால்நடையாகத் தாண்டி, யார் வீட்டிலோ ராத்தங்கி, சாம்பல் படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தான். வந்தவன் அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்டில் இறங்கியதோடு சரி. அதற்குப் பிறகு ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனுக்குள் அவன் காலெடுத்து வைக்கவில்லை.

சேனாபதி சொன்ன சொல் தவறவில்லை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். கறுப்புச் சட்டை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணி. தைப் பொங்கலுக்கு மலையேறி இறங்கும்வரை முகத்தில் கத்தி படக்கூடாது. இருபத்தொன்பது நாளில் தாடி காதுக்குக் காது அடர்ந்துவிட்டது.

அந்த வருஷம் அமெரிக்காவில் நம் நிறத்து மனிதர் ஒருவர் தாடி வளர்க்கத் தோதான வருஷம் இல்லை. போன வாரம் பெட்ரோல் போட நின்ற இடத்தில் யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சீட்டில் இருந்த டிபன் கேரியரை மட்டும் திறந்து காட்டச் சொன்னார். சேனாபதி வாய்க்குள் சரணம் சொல்லிக்கொண்டே மூன்று அடுக்கையும் திறந்தார். நல்லவேளை, வாய்க்குள். மேலடுக்கில் பீட்ரூட் பொரியல் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் வசந்தாமணிக்கு இன்னும் விடவில்லை. பெட்ரோல் போடுகிற இடத்திலேயே இப்படி என்றால், அந்த ஊர் ரயிலிலும் சந்தைக் கூட்டத்திலும் என்ன ஆகும்?

போனில் அவள் தம்பி மயில்சாமி. காங்கேயத்திலிருந்து.

"அக்கா, மச்சான் பக்கத்துல இருக்காரா?"

"ஆபீசுக்குப் போயிட்டாரு. பார்சிப்பனி போகோணும்ல, ஆறரைக்கே கெளம்பிருவாரு. ஏன்டா?"

"நல்லதாப் போச்சு. மச்சானோட கிட்டுசாமி பெரியப்பா மத்தியானம் தவறிட்டாரு. மச்சான் மாலை போட்டிருக்காரே, நேரா அவர்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு வரல. அவர் காதுல விழுந்தாத்தான் தீட்டு. சொல்றதும் சொல்லாததும் உன்ற இஷ்டம்."

போனை வைத்துவிட்டு வசந்தாமணி இஸ்திரிப் பெட்டியையும் அணைத்தாள்.

கிட்டுசாமி, சேனாபதியின் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். நேர் பங்காளி. அவளுடைய கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு இலை போதவில்லை என்று சமையல்காரரோடு சண்டை பிடித்தவர். அதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. பங்காளி வீட்டுச் சாவு காதில் விழுந்துவிட்டால் மாலையைக் கழற்றியாக வேண்டும். அதில் சாமி குற்றம் எதுவும் கிடையாது. அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். மாலை இறங்கினால் தாடியும் இறங்கும்.

அவளுக்கு முதலில் துக்கம் வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தது. ஒரு மனிதர் செத்ததற்கு இப்படி நினைக்கிறோமே என்று அப்புறம் வெட்கமாக இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வழக்கம்போல "சாமி சரணம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் சேதியை விழுங்கிக்கொண்டாள். டிவி முன்னால் நின்று கைகூப்பி அழுத மனிதர் கண்ணுக்குள் வந்துவிட்டார். ஆனால் சேதி கேட்டவள் அவள். தீட்டு அவளுக்கு வந்தாயிற்று. விரதக்காரருக்கு அவள் இனி சமைக்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"நான் வீட்டுக்குத் தூரமுங்க," என்றாள்.

"சரி மாளிகைபுரம். நான் வந்து பொங்கிக்கறேன். நீ கயல் ரூம்ல இருந்துக்கோ."

மாலை போட்டதிலிருந்து மனைவிக்கு அதுதான் பெயர். அகிலன் சாமி, கயல் குட்டிச் சாமி, பேப்பர் போடுகிற பையன்கூடச் சாமிதான். சாதாரண நாளில் ரசத்தில் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளுகிற மனிதர், இருபத்தொன்பது நாளாக ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவர் நம்பினார் என்பதுதான் வசந்தாமணியை அதிகம் உறுத்தியது. போன மாதமாக இருந்தால் தேதியை எண்ணிப் பார்த்திருப்பார்.

மாடிக்குப் போனாள். இறங்கி வந்தாள். துவைத்த துணியை மடித்தாள், மடித்ததை உதறித் திரும்ப மடித்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சேனாபதி ஒட்டியிருந்த தாளின் முன்னால் வந்து நின்றாள்.

சந்தைக்குப் போகும் திட்டத்தை அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி அச்செடுத்து வந்திருந்தார். நேரம், இடம், யார் பொறுப்பு, ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று நாலு கட்டம். ஒன்பது இருபதுக்குக் கார். ஒன்பது நாற்பதுக்கு ரயில். ரயிலில் அகிலன் ஜன்னல் ஓரம் வேண்டாம், உள்பக்கம். அவனுக்கு அடுத்து நான். கடைசிக் கட்டத்தில், 'நியூவார்க் ஸ்டேஷன் வரை பார்ப்பது. அவனால் முடியாவிட்டால் அங்கேயே இறங்கி நாங்கள் இருவரும் திரும்புவது. அவனை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

பாட்டு கயலுக்கு, பயணம் அகிலனுக்கு. அவனுடைய ஆபீஸ் இப்போது மன்ஹாட்டன் நடுவில் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஜனவரி இரண்டாம் தேதி அவன் அங்கே போய் உட்காராவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் விசா இல்லை, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். "ஒரு தடவை போயிட்டு வந்துட்டாப் பயம் தெளிஞ்சிரும்" என்று ஒரு மாதமாகச் சேனாபதி சொல்லிச் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமைதான், "நீங்க பக்கத்துல உக்காந்தா வர்றேண்ணா" என்று அகிலன் வாய் திறந்திருந்தான்.

பதினொரு மணிக்குப் புஷ்பவல்லி போனில் கூப்பிட்டாள். அடுத்த தெரு. அவள் பையனும் அதே பாட்டுக் குழு. ரயில் ஏற்பாடு முழுக்க அவள்தான்.

"வசந்தா, குரூப் டிக்கெட் வாங்கிட்டேன். எல்லாரும் ஒரே பெட்டில உட்காரலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. சேனாபதி அப்படியேதான் வராரா?"

"எப்படியே?"

"அந்த... தாடியோட. எனக்கு ஒண்ணும் இல்லப்பா. எங்க வீட்டுலயே ரெண்டு தடவை மலைக்குப் போயிருக்காங்க, எனக்குத் தெரியாதா? மத்த பேரன்ட்ஸ் ரெண்டு பேர் கேட்டாங்க. ட்ரெயின்ல வர்றவங்களுக்கெல்லாம் யாரு உட்காந்து எக்ஸ்ப்ளெய்ன் பண்றது? லைட்டா ட்ரிம் பண்ணிக்கச் சொல்லேன். சாமி என்ன, ஸ்கேல் வச்சு அளக்கவா போறாரு?"

"அவர் சாமிக்குன்னு வளர்த்தறதுங்க. ட்ரிம் எல்லாம் கிடையாது."

"சரி, சரி. யோசிச்சுக்கோ."

வசந்தாமணிக்குக் கோபம் வந்தது. புஷ்பவல்லி சொன்னதில் பாதியை அவளே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்ததால் கோபம் இன்னும் கூடியது. போனை மறுபடி எடுத்தாள். ஆபீஸ் நம்பரில் ஆறு எண்ணை அழுத்திவிட்டு வைத்தாள். வேலை நேரத்தில், ஆபீசில் இருப்பவரிடம் சாவுச் சேதியா? வீட்டுக்கு வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒருவேளை சொல்லத் துணிவு வராவிட்டால், ராத்திரிச் சாப்பாட்டுக்காவது வழி பார்க்க வேண்டும். அவர் களைத்து வந்து பொங்கவா? அகிலனைச் சமைக்கச் சொல்லலாம் என்று பேஸ்மென்ட்டுக்கு இறங்கினாள்.

அகிலன் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, அண்ணன் வாங்கித் தந்த குளிர் ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். விலைச் சீட்டு இன்னும் தொங்கியது.

"தம்பி, எனக்குச் சமையல்கட்டுப் பக்கம் போக முடியாது. சாயங்காலம் அண்ணாவுக்கு ஒரு ரசமும் சோறும் மட்டும் நீ வச்சுர்றியா? குளிச்சுட்டு வைக்கோணும்."

அவன் ஜிப்பை விட்டான். "நானும் வைக்கக் கூடாது அண்ணி."

"ஏன்?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனும் அதே பங்காளிதானே.

"உனக்கு யார் சொன்னது?"

"சிங்கப்பூர்ல இருந்து அவர் பேரன் மகிழன் ஈமெயில் போட்டிருந்தான், தாத்தா போயிட்டார்னு. காலைல பார்த்தேன்." அவன் எழுந்து நின்றான். "அண்ணாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் சொல்லலாம்னு..."

"சொல்லாதீங்க அண்ணி."

மூன்று மாதத்தில் அவன் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லி அவள் கேட்டதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், இல்லாவிட்டால் இல்லை.

"அந்த மாலை எனக்காகப் போட்டது. அது அண்ணா கழுத்துல இருக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இருக்கேன். படிச்சவன் பேசற பேச்சில்லதான். ஆனா அப்படித்தான் இருக்கு. அதை நம்பித்தான் நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்."

"தாடியோட வந்தா அவரை யாராச்சும் பிடிச்சு நிறுத்திருவாங்க தம்பி. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"நிறுத்துனா நான் பேசிக்கறேன்."

தபால்காரர் மணி அடித்தால்கூடக் கதவைத் திறக்காதவன் சொல்கிறான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு பக்கம் கணவர் முகம், ஒரு பக்கம் இவன் முகம். தாடி இறங்கினால் அவர் பத்திரம். இவன் ரயில் ஏற மாட்டான். இவனுக்கு இன்னொரு சனிக்கிழமை கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

"சரி, சொல்லல," என்றாள். "நாளைக்குப் போயிட்டு வந்து சொல்லிக்கலாம்."

மேலே ஏறி வரும்போது மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்கிற லேசு. அது எவ்வளவு நேரத்துக்கு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

நாலரை மணிக்கே சேனாபதியின் கார் வந்துவிட்டது. வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். வசந்தாமணி கயல் அறையில் இருந்தபடியே காலடிச் சத்தத்தைக் கேட்டாள். நேராகப் பூஜை அலமாரி. பிறகு குளியலறை. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தினமும் இரண்டு வேளை குளிக்கிற மனிதர், இன்றைக்குச் சமையலும் அவரே செய்ய வேண்டும், குளிக்கட்டும் என்று இருந்தாள்.

கீழே கயல் தன் நாலு வரியைப் பாடிப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் பாட்டு நின்றது.

"அம்மா," கயல் கூப்பிட்டாள். "கம் டவுன். அப்பா லுக்ஸ் டிஃபரன்ட்."

வசந்தாமணி படியில் பாதி இறங்கியவள் அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் சேனாபதி நின்றிருந்தார். வெள்ளைப் பனியன். மழுமழுவென்ற முகம். மோவாயில் கத்தி பட்ட இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. பூஜை அலமாரியில் ஐயப்பன் படத்தின் மேல் துளசி மாலை தொங்கியது.

"கயல், மேல போய்ப் பாடிப் பாரு," என்றார்.

அவள் போகும்வரை காத்திருந்தார்.

"புஷ்பவல்லி வூட்டுக்காரர் மத்தியானம் போன் பண்ணினாரு. நல்ல மனுசன், தப்பா ஒண்ணும் சொல்லல. பசங்க பாடறப்ப கூட்டத்துல சலசலப்பு வரக்கூடாதேன்னு சொன்னாரு. சரின்னு வச்சுட்டேன். அப்புறம் வேலையே ஓடல." மோவாயைத் தடவினார். "நாலு வரி பாடப்போறா நம்ம பிள்ளை. அப்ப ஜனங்க அவளப் பார்க்கோணும். என்னையப் பார்க்கக் கூடாது."

"ஏனுங்க, குருசாமிகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். எடிசன் ஊருல இருக்கற வெள்ளியங்கிரி குருசாமிகிட்டப் போன்ல பேசினேன். நடுவுல கழட்டற மாலைக்கு நான் சம்மதம் சொல்ல முடியாதுன்னுட்டாரு. 'தீட்டு கீட்டு ஆகியிருந்தாச் சொல்லு சாமி, தாராளமாக் கழட்டிக்கலாம், ஒரு குத்தமும் இல்ல'ன்னாரு. அப்படி எதுவும் இல்லீங்கன்னேன். இல்லாததை எப்படிச் சொல்றது? சாமிகிட்டப் போய்ப் பொய்யா?" படத்தின் மேல் தொங்கிய மாலையைப் பார்த்தார். "தம்பி உசுருக்கு நேர்ந்துக்கிட்டது. நானே கையால கழட்டிட்டேன் வசந்தா."

வசந்தாமணி மீதிப் படிகளையும் இறங்கி வந்தாள். காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதர் நிம்மதியாகக் கழற்றியிருப்பார். அவள் மூடி வைத்த சேதி அவர் தலையில் பாவமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. இனி சொன்னாலும் தப்பு, சொல்லாமல் இருந்தால் அதைவிடத் தப்பு.

"கிட்டுசாமி பெரியப்பா தவறிட்டாருங்க," என்றாள்.

"எப்ப?"

"அங்க இன்னைக்கு மத்தியானம். மயில்சாமி போன் பண்ணினான்." மீதியையும் சொல்லிவிட்டாள். "காலைல ஏழு மணிக்கே."

சேனாபதி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இருபத்தொன்பது நாளாக அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் இப்போது வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நின்றாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சோபாவின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அகிலனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றாள் வசந்தாமணி. அந்த நாளின் இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

"தெரியும்ணா."

பேஸ்மென்ட் கதவைத் திறந்துகொண்டு அகிலன் நின்றிருந்தான். ஜாக்கெட்டைப் போட்டிருந்தான், விலைச் சீட்டு இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. "நான்தான் அண்ணியச் சொல்ல வேண்டாம்னேன். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு," என்றார் சேனாபதி. "நாளைக்கு ஒன்பது இருபதுக்குக் கார்ல ஏறிரு. மத்ததை வந்து பேசிக்கலாம்."

அகிலனின் பார்வை அண்ணனின் வெறும் கழுத்துக்குப் போய், அங்கிருந்து ஐயப்பன் படத்துக்குப் போயிற்று.

"நான் வரலண்ணா."

"ஏன்?"

"கழட்டிட்டீங்களே. இனி எதை நம்பி ஏர்றது?"

சேனாபதி எழுந்துவிட்டார். அப்போதுதான் வந்தது அந்தக் குரல், ஒரு மாதமாக அந்த வீடு கேட்டிராத குரல். மாடியில் கயலின் பாட்டு நின்றுபோயிற்று.

"மணியத்தான்டா கழட்டினேன். நான் இங்கதானே நிக்கறேன்? என்னைய நம்பி ஏற மாட்டியா?"

அகிலன் கதவின் குமிழை விடாமல் பிடித்தபடி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் பேஸ்மென்ட்டின் மேல்படியிலேயே நின்றான்.